பசந்தர் போரில் இறந்த ராணுவ மருத்துவ உதவியாளரின் நினைவுக் கல்லை மீண்டும் நட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்: இறந்த வீரரின் தம்பி (ஓய்வுபெற்ற ஆசிரியர்), ராயக்கோட்டை வழி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கிருஷ்ணகிரி.

பார்வை: இதே பொருள் குறித்துத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டங்களில் கொடுத்து, ரசீது மட்டும் பெற்ற என் முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் வளைவு தாங்கள் அறியாததல்ல. மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அந்த ஏரிக்கரைத் திருப்பம்தான். அங்கே இரண்டு புளியமரங்களுக்கு நடுவில் ஆளுயரக் கருங்கல் ஒன்று நின்றது. சாலையை அகலப்படுத்தியபோது மரங்களை வெட்டினார்கள், கல்லைப் பெயர்த்தார்கள். வேலை முடிந்ததும் பக்கத்திலேயே நட்டுத் தருவதாகச் சொன்னார்கள். சாலை முடிந்து, அதில் குழி விழுந்து, குழிக்கு ஒட்டும் போட்டாகிவிட்டது. கல் மட்டும் இன்னும் நடப்படவில்லை.

1. அது என் அண்ணனின் கல். ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்தவர், லக்னோவில் பயிற்சி பெற்றவர். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரைச் சண்டையில் இறந்தார். மேற்கு முனையில் போர் நிற்க இரண்டே நாள் இருந்தது.

2. "அவர் சண்டை போட்ட சிப்பாய் இல்லையே, கம்பவுண்டர்தானே" என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும். பசந்தரைச் சுற்றி நிலமெல்லாம் கண்ணிவெடி. டாங்கிகள் போவதற்காகப் பொறியாளர் படை வெடிகளை அகற்றி ஒரு குறுகலான தடம் போட்டுத் தரும். அந்தத் தடத்தை விட்டு ஓர் அடி விலகினாலும் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. அடிபட்டவன் தடத்துக்குள் பார்த்தா விழுவான்? வெளியே கிடந்து கத்துகிறவனிடம் ஊர்ந்து போவதுதான் என் அண்ணனின் வேலை. இடது கையில் செஞ்சிலுவைப் பட்டை, தோளில் கட்டுத்துணியும் மார்ஃபின் என்னும் வலி மருந்தும் வைத்த பை. ஜெனீவா உடன்படிக்கைப்படி மருத்துவப் பணியாளர் தன்னையும் தன் நோயாளியையும் காக்க மட்டுமே ஆயுதம் எடுக்கலாம். மற்றவர்கள் சுட்டுக்கொண்டே முன்னேறும் இடத்துக்கு இவர் சுடாமல் போக வேண்டும். இதற்குக் கம்பவுண்டர் என்று பெயரா, ஐயா?

அன்றிரவு நடந்தது வேலூர்க்கார ஹவில்தார் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒருவரை இழுத்துவந்து தடத்தில் சேர்த்துவிட்டு, அண்ணன் மறுபடி வெளியே போனார். அங்கே கிடந்தவருக்குக் கால் சிதைந்திருந்தது. ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டி, ஊசி போட்டு, வேறு யாரும் மறுபடி போட்டுவிடக் கூடாதே என்று நெற்றியில் அடையாளமும் நேரமும் எழுதியிருக்கிறார். பிறகுதான் ஷெல் விழுந்தது. நெற்றியில் எழுதப்பட்டவர் பிழைத்தார். அவர்தான் அந்த ஹவில்தார். ஒற்றைக் காலோடு பஸ் மாறி மாறி எங்கள் வீடு தேடி வந்து, தன் பென்ஷன் பணத்தில் அந்தக் கல்லைச் செதுக்கி நட்டவரும் அவரே. இன்று அவரும் இல்லை.

3. அந்தப் போரில் இறந்தவர்களை இன்று போல விமானத்தில் ஊருக்குக் கொண்டுவரும் வழக்கம் இல்லை. களத்துக்கு அருகிலேயே எரியூட்டினார்கள். எங்களுக்கு வந்தது ஒரு தந்தியும் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியும். என் அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பால் ஊற்ற ஒரு மேடு கிடையாது. அந்தக் கல்தான் எல்லாம். திதி நாளிலும் மாட்டுப் பொங்கலன்றும் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, களியும் அவரைக்கொட்டைச் சாறும் படைப்பார். இப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது.

கல் இன்று எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். பொதுக் கட்டடம் ஒன்றின் பின்புறம், தண்ணீர்க் குழாயருகே, எழுத்துப் பக்கம் மண்ணில் கவிழ்ந்து கிடக்கிறது. பிளீச்சிங் பவுடர் மூட்டை அதன்மேல்தான். போன பொங்கலுக்கு அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனபோது அதன்மேல் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், எழுத்து தெரிந்தால்தானே தெரியும். அண்ணி ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண் அலசி முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, கொண்டுபோன மஞ்சளைப் பையிலேயே திருப்பிக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து கல்லைப் பற்றி என்னிடம் கேட்பதையும் நிறுத்திவிட்டார். கேட்டாலாவது பரவாயில்லை.

4. கோப்பு தர்மபுரியில் இருக்கும் என்றார்கள். போனேன். 2004இல் மாவட்டம் பிரிந்ததே, கிருஷ்ணகிரியில் கேளுங்கள் என்றார்கள். கேட்டேன். கல்லில் "தருமபுரி மாவட்டம்" என்று வெட்டியிருப்பதால் தங்கள் கணக்கில் வராது என்றார்கள். 1971இல் செத்தவருக்குப் பின்னால் பிரியப்போகும் மாவட்டம் எப்படித் தெரியும்?

5. "மியூசியத்தில் கொடுத்துவிடலாமே" என்றும் ஒருவர் யோசனை சொன்னார். மாடு மீட்டுச் செத்தவனுக்கும் புலி குத்திச் செத்தவனுக்கும் கல் நட்ட மண் ஐயா இது. பெயர்கூடத் தெரியாத அந்தக் கல்லை வேடியப்பன் என்று சொல்லி இன்றைக்கும் கிடா வெட்டுகிறோம். பெயரும் படைப்பிரிவும் வெட்டிய கல்லுக்குத்தான் இடமில்லையா?

6. நாங்கள் பதக்கம் கேட்கவில்லை. அதே பசந்தரில் இறந்த அருண் கேத்தர்பாலுக்குப் பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள், தகும். கொரியப் போரில் 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற ராணுவ மருத்துவப் பிரிவை நடத்திய டாக்டர் ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம், அதுவும் தகும். நிலமும் கேட்கவில்லை, வேலையும் கேட்கவில்லை. டிசம்பர் 7 கொடிநாள் உண்டியல் எங்கள் தெருவுக்கும் வருகிறது, அண்ணியும் போடுகிறார்.

7. நட வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே, ஏரிக்கரைத் திருப்பத்தில் சாலைக்கு வெளியே உள்ள புறம்போக்கில் ஆறடிக்கு ஆறடி இடம் அளந்து, கல்லை எழுத்துப் பக்கம் சாலையைப் பார்க்க நட, வரும் டிசம்பர் 16க்குள் உத்தரவிடுமாறு மிகப் பணிவுடன் வேண்டுகிறேன். அதுவரைக்குமாவது அந்தக் கல்லைக் குழாயடியிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். இதற்கு நிதி தேவையில்லை, ஒரு போன் போதும். கிரேன் வாடகை, சிமெண்ட், ஆள்கூலி எல்லாம் எங்கள் பொறுப்பு. ஊர்ப் பொதுமக்கள் கையொப்பமிட்ட தாளையும் கல்லின் பழைய புகைப்படத்தையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

(அண்ணியின் கைரேகை: இடது பெருவிரல்)