பேட்டர்னை அடுப்பில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கையால் கட்டிய பழங்காலக் கார்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் நடுவில் ஒரு வரி. இந்தக் கார்களுக்கு வேண்டிய பாகங்களைச் செய்ய இப்போது சென்னையில் ஆளே கிடையாது, எல்லாவற்றையும் லண்டனிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, உங்கள் நிருபரும் அப்படியே எழுதிவிட்டார். அதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. இந்த ஊரில் ஆள் தாராளமாக இருக்கிறார்கள். ஒருமுறை செய்த பொருளின் அளவையும், வார்ப்பதற்காக மணலில் பதிக்கிற மர அச்சையும் (பேட்டர்ன் என்பது இதைத்தான்) எடுத்துவைக்கத்தான் யாரும் இல்லை. அதனால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கி, அதே காசை மறுபடி கொட்டுகிறார்கள்.

நான் பாடி பக்கம் ஒரு தொழிற்சாலை டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வில்லிவாக்கத்தில் என் நண்பர் ஒருவர் எம்.ஜி. டி.சி. என்ற காரின் நகலைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அளவெடுப்பதும் லேத் வேலையும் என் பொறுப்பு. எம்.ஜி. என்றதும் ஓர் 'ஆர்' சேர்த்துக்கொண்டு விசாரிக்க வருபவர்கள் இன்னும் உண்டு. அவருடைய அம்பாசடரைப் பார்க்க தி.நகர் நினைவு இல்லத்துக்குத்தான் போக வேண்டும். எம்.ஜி. டி.சி.யோ இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1945 முதல் 1949 வரை பத்தாயிரத்தை ஒட்டிச் செய்த, இரண்டு பேர் உட்காரும் வண்டி. பத்தொன்பது அங்குலக் கம்பிச் சக்கரம், மடக்கிப் படுக்கப்போடும் முன்கண்ணாடி, மரச் சட்டத்தின் மேல் அறைந்த தகடு. ஓட்டுபவர் முன்னால் இருக்கும் பெரிய மீட்டர் ஸ்பீடோமீட்டர் என்று உங்கள் படக்குறிப்பில் போட்டிருக்கிறது. இல்லை, அது எஞ்சின் சுற்றை எண்ணும் மீட்டர். ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் இருக்கும். வீட்டுக்காரம்மா வேகத்தைப் பார்த்துத் திட்டுவதற்கு வசதி என்று நண்பர் சொல்வார்.

நகல் என்பதால் அடியில் இருப்பது நம்மூர் சேஸி, அதாவது அடிச்சட்டம், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருடையது. நம் வண்டலூர்ப் பக்கம் 1961இலிருந்து செய்த வண்டி. அம்பாசடரில் பாடியே சேஸி, உடலைக் கழற்றினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஹெரால்டில் சேஸி தனி, மேல் உடலைத் தூக்கி வைத்துவிடலாம், அதனால்தான் இங்கிலாந்திலும் இந்த மாதிரி நகல் கட்டுகிறவர்கள் ஹெரால்டைத் தேடிப் போனார்கள். ஒரு சிக்கல், ஹெரால்டின் முன் பின் சக்கர இடைவெளி 91.5 அங்குலம், டி.சி.க்கு 94. அந்த இரண்டரை அங்குலத்தை விட்டுவிட்டால் பானட் குட்டையாகி, எங்கேயோ இடிக்கிறதே என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். சேஸியை வெட்டி, உள்ளே தகடு கொடுத்து நீட்டிய கதையை எழுதினால் கடிதம் புத்தகமாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முன்கண்ணாடியை இரண்டு பக்கமும் தாங்கும் கால்கள் இருக்கின்றன அல்லவா, அவை பித்தளை வார்ப்பு. அசல் ஒன்றை ஒரு சேகரிப்பாளர் அளவெடுக்க இரவல் கொடுத்தார். ஃபவுண்டரியில் காட்டினால், "இதையே மணல்ல பதிச்சு வார்த்துடலாம் சார், தனியா எதுக்கு மரம்?" என்றார் அங்கிருந்தவர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உருகிய பித்தளை ஆறும்போது சுருங்கும், அடிக்கு ஒன்றரை நூல் கணக்கு (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அசலையே அச்சாகப் பதித்தால் வருவது அசலைவிடச் சின்னதாக வரும், ஓட்டைகள் நகர்ந்துவிடும், கண்ணாடிச் சட்டம் உட்காராது. அதற்குத்தான் பேட்டர்ன் செய்கிற தச்சர்.

அம்பத்தூரில் அப்படி ஒருவர் இருக்கிறார், எழுபது வயதைத் தாண்டியவர். அவரிடம் உள்ள ஸ்கேலை நீங்கள் பார்க்க வேண்டும். பார்வைக்குச் சாதாரண இரும்பு ஸ்கேல்தான், அங்குலக் கோடுகள், எண்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதைக் கடையில் வாங்கிய ஸ்கேலோடு சேர்த்து வைத்தால் பன்னிரண்டாவது கோடு ஒன்றரை நூல் தள்ளிப்போய் நிற்கும். பித்தளைக்கு ஒரு ஸ்கேல், இரும்புக்கு வேறு ஸ்கேல், அலுமினியத்துக்கு வேறு. சுருங்கப்போவதை முன்கூட்டியே சேர்த்துப் பிரித்த கோடுகள் என்பதால் அவர் கணக்கே போடுவதில்லை, வரைபடத்தில் ஆறு அங்குலம் என்றால் அந்த ஸ்கேலில் ஆறு வைத்துத் தேக்கை அறுக்கிறார். மணலிலிருந்து உருவும்போது விளிம்பு உடையாமலிருக்கப் பக்கங்களைக் கொஞ்சம் சரிக்கிறார், கடைசல் பிடிக்கிற இடத்தில் கூடுதல் சதை விடுகிறார். முதல் வார்ப்பிலேயே கால்கள் உட்கார்ந்தன.

அப்புறம் அந்தப் பேட்டர்ன் என்ன ஆயிற்று? ஃபவுண்டரியில் ஒரு மூலையில் கிடந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து ஊறிவிட, இனி எதற்கு என்று டீ போடுகிற அடுப்பில் வைத்துவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து பெங்களூரிலிருந்து ஒருவர் நண்பரிடம் அதே கால்களைக் கேட்டார். ஃபவுண்டரிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வாடகை இருக்கிறது, அடுத்த வேலை காத்திருக்கிறது. கிண்டியிலும் அம்பத்தூரிலும் பட்டறைகளை மூடிவிட்டு அடுக்குமாடியும் ஆபீசும் எழுப்பும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. மெஷினை ஏலத்தில் எடுக்க ஆள் வருவார்கள், பேட்டர்ன் மட்டும் விறகு எடையில் போகும்.

ரேடியேட்டர் கூடு இன்னொரு கதை. நல்ல டிங்கர்கள் இருக்கிறார்கள், மட்கார்டை எல்லாம் இருபது கேஜ் தகட்டில் மணல் மூட்டை மேல் வைத்து மரச்சுத்தியால் அடித்தே கொண்டுவந்துவிட்டார்கள். தகடு நீள வேண்டுமானால் அடிப்பார்கள், சுருங்க வேண்டுமானால் கேஸ் வெல்டிங் தீயில் ஒரு புள்ளியைச் சிவக்கவைத்துத் தட்டி ஈரத்துணியால் ஒற்றுவார்கள். ஆனால் கூட்டின் மேல் மூலைகள் பித்தளையில் கூர்மையும் வளைவும் ஒன்றாக வர வேண்டும். மூன்று பேர் முயன்று தகடு கிழிந்தது. கடைசியில் மயிலாப்பூரில், சாமிக்குக் கவசம் அடிப்பவர் ஒருவர்தான் செய்துகொடுத்தார். பித்தளை அடிக்க அடிக்க இறுகிவிடும், இறுகியபின் ஒரு அடி கூட அடித்தாலும் விரிசல். அவர் ஒவ்வொரு சுற்று அடித்ததும் தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி இளக்கிவிட்டுத்தான் மறுபடி சுத்தியைத் தொடுவார். அந்த நிறத்தைச் சரியாகப் பார்க்க விளக்கை அணைத்துவிட்டுக் காய்ச்சினார். காரை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "திருவாசியைவிட இது சுலபம்" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டார். கூட்டின் அட்டை மாதிரிகளை நாங்கள் வெட்டி வைத்திருக்கிறோம், ஆனால் காய்ச்சுகிற பதம் அவர் கண்ணில்தான் இருக்கிறது. இதையெல்லாம் பக்கத்தில் நின்று ஒருவர் வீடியோ எடுத்து, குறிப்பும் எழுதி வைத்தால் ஒழிய மிஞ்சாது.

மரை விஷயத்திலும் எழுதிவைக்காததால் வருகிற தொல்லைதான். புதுப்பேட்டையிலோ காயலான் கடையிலோ அரை அங்குல போல்ட்டைக் கிலோ கணக்கில் அள்ளி வந்தால், அதில் பழைய ஆங்கிலேய மரையான விட்வொர்த்தும் இருக்கும், அமெரிக்க மரையான யு.என்.சி.யும் இருக்கும். அங்குலத்துக்கு விட்வொர்த்தில் 12 மரை, யு.என்.சி.யில் 13. கையால் திருகினால் ஒன்றிரண்டு சுற்று ஒழுங்காகப் போகும், பிறகு பிடிக்கும், பையன் ஸ்பேனரை மாட்டி அழுத்துவான், அவ்வளவுதான், மரை காலி. டி.சி.யின் அசல் எஞ்சின் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். போல்ட்டின் தலை விட்வொர்த் ஸ்பேனருக்கு, மரையோ மெட்ரிக். இந்த எஞ்சினைச் செய்த மோரிஸ் கம்பெனி 1923இல் கோவென்ட்ரியில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் எஞ்சின் தொழிற்சாலையை வாங்கியது, மெஷின்களெல்லாம் மெட்ரிக், அவற்றை மாற்றாமல் தலையை மட்டும் ஆங்கிலேய ஸ்பேனருக்கு ஏற்றபடி வைத்துவிட்டார்கள். அந்த மரையை அங்குல லேத்தில் வெட்ட 127 பல் உள்ள சக்கரம் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை ஐந்தால் பெருக்கினால்தான் 127 என்று முழு எண் கிடைக்கிறது. இது தெரியாமல் விட்டத்தை மட்டும் எழுதிக் கொடுத்த ஒரு வரைபடம், காகிதக் குப்பை.

இப்போது எதைக் கேட்டாலும் "த்ரீ-டி பிரிண்ட் போடலாமே அங்கிள்" என்கிறார்கள். போடலாம், நானே போட்டிருக்கிறேன், மரத்துக்குப் பதில் பேட்டர்னாக அது அற்புதம். ஆனால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் டேஷ்போர்டு குமிழ் செய்து மே மாத வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பாருங்கள், அது 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். ஸ்டியரிங் ஆர்ம், சக்கரத்தின் ஹப் இதிலெல்லாம் பிரிண்டும் கூடாது, வீட்டுப் பட்டறை வார்ப்பும் கூடாது என்பது என் உறுதியான கருத்து, அது எவ்வளவு அசலாகத் தெரிந்தாலும் சரி. ஸ்டியரிங் ஆர்ம் அடித்து உருவாக்கிய உருக்காகவே இருக்கட்டும் என்று ஹெரால்டின் பழையதையே சிவப்புச் சாயம் தடவி விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினோம். நாலு போல்ட் சக்கரத்தை நடுநட்டுக் கம்பிச் சக்கரமாக மாற்றுகிற ஹப்பை முழு உருக்கு உருளையில் கடைந்தேன். சுத்தியால் தட்டி இறுக்குகிற அந்த இரண்டு காது நட்டில் வண்டியின் இடது பக்கத்துக்குச் சாதாரண மரை, வலது பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகி இறுக்குகிற லெஃப்ட் திரெட். மாற்றி மாட்டினால் ஓட ஓடத் தானாகக் கழலும். இதையும் பொருளின் மேலேயே பொறித்துவிட வேண்டும்.

எம்.ஜி. முத்திரையை நாங்கள் வார்க்கவில்லை, அது இன்னொருவர் சொத்து. வார்த்த பாகங்களின் உள்பக்கம் 'நகல்' என்று தமிழிலேயே எழுத்து விழும்படி செய்திருக்கிறோம், நாளைக்கு யாரும் இதை அசல் என்று சொல்லி விற்கக்கூடாது பாருங்கள்.

சாலையில் ஓட்டுவீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. 2021இல் வந்த பழங்கால வாகன விதி ஐம்பது வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு, நகலுக்குப் பொருந்தாது. ஆர்.சி.யில் ஹெரால்டு என்று இருப்பதை உடல் மாற்றி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இடிக்கும். லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதாகத்தான் நண்பர் முடிவு. இதில் எனக்கு வருத்தமும் இல்லை.

1903இலேயே சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை இந்த ஊரில் கட்டினார், 1949இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியது. இவ்வளவு வேலை நடந்த ஊரில் ஒரு பேட்டர்ன் அலமாரி இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பெரிய அருங்காட்சியகம் எல்லாம் கேட்கவில்லை. தரமணியிலோ வேறெங்கோ ஒரு பாலிடெக்னிக் கல்லூரி, கறையான் ஏறாத ஓர் அறையை ஒதுக்கட்டும். கடைசி வருடப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பழைய பாகத்தைக் கொடுத்து அளவெடுக்கச் சொல்லட்டும், இல்லாத கம்பெனிக்கு இல்லாத மென்பொருள் செய்வதாகப் பிராஜெக்ட் எழுதுவதற்கு இது எவ்வளவோ மேல். ஒவ்வொரு பேட்டர்ன் மேலும் எந்த வண்டி, எந்த உலோகம், எவ்வளவு சுருக்கம் சேர்த்தது, மரை எந்த வகை, செய்த தச்சர் பெயர் என்று பெயிண்டில் எழுதி வைத்தால் போதும். நகல் கார்க்காரர்களுக்கு மட்டுமில்லை, பழைய மோட்டார், பழைய அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களும் தேடி வருவார்கள்.

முன்கண்ணாடிக் கால்களுக்குப் புதிதாகச் செய்த பேட்டர்ன், எஞ்சின் சுற்றை எண்ணும் மீட்டரை டைனமோவோடு இணைக்கிற சின்னப் பல்சக்கரப் பெட்டியின் வரைபடம், ரேடியேட்டர் கூட்டின் அட்டைகள் எல்லாவற்றையும் இலவசமாகவே தர நண்பர் தயார். இடம் தருகிற கல்லூரி உங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் எனக்கு அனுப்பி வையுங்கள், ஆட்டோவில் ஏற்றி நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் என்றால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டூல் ரூம் தொழிலாளி,
வில்லிவாக்கம், சென்னை