ஜெல் வைக்கும் முன் விவரம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, பிரசவ வார்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் 'உள்ளே ஜெல் வச்சிருக்காங்க' என்ற பேச்சு காதில் விழும். அது என்ன மருந்து என்று கேட்டால் கூட வந்தவர்களில் பலருக்குத் தெரியாது. என் தங்கை மகளுக்கும் அப்படித்தான், நர்ஸ் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு சிரிஞ்சை எடுத்துக்கொண்டு போனார், 'வலி வர மருந்து' என்றார், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார், அவ்வளவுதான். விடிந்தும் வலி வரவில்லை என்றதும் எங்க மயினி (அண்ணி), 'மருந்து கேக்கல, ஆபரேஷன் பண்ணிருங்க' என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஜெல்லில் இருப்பது டைனோப்ரோஸ்டோன். பேறுகாலம் நெருங்கும்போது உடம்பு தானே சுரக்கும், ஹார்மோன் மாதிரி வேலை செய்கிற ஒரு பொருள்தான் அது. முதலில் கர்ப்பப்பை வாயை இளக்கும், வலி அப்புறம்தான். வாய் இறுகிக் கிடக்கும்போது நேரடியாக, வலி வரவைக்கும் ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் போட்டால் பல நேரம் வலிதான் மிச்சம். ஜெல் வைத்து ஒரு நாள் ஆனாலும் மருந்து கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மயினி சும்மா இருந்திருப்பார்.

இதே வேலைக்குக் கொடுக்கிற இன்னொரு மருந்து மிசோப்ரோஸ்டால். வயிற்றுப்புண்ணுக்கு வந்த மாத்திரை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 200 மைக்ரோகிராம், வலி வரவைக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ ஒரு வேளைக்கு 25. கூடிப்போனால் வலி விடாமல் அடித்து குழந்தையின் இதயத்துடிப்பு குறையலாம். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது, பழைய தையல் போட்ட இடத்தில் கர்ப்பப்பை கிழியும் ஆபத்து உண்டு. நம்ம ஆட்கள் முதல் பிரசவத்தைத் திருவனந்தபுரத்தில் பார்த்துவிட்டு, அந்த டிஸ்சார்ஜ் தாளை வீட்டில் எங்கேயோ போட்டுவிட்டு இரண்டாவதுக்கு இங்கே வருவார்கள். தயவுசெய்து அதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். (நட்சத்திரம் பார்த்து 'இன்னைக்கே வலி வரவையுங்க' என்று டாக்டரை நெருக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அது தனிக் கதை.)

மாவட்ட சுகாதாரத் துறையிடம் கேட்பது ஒன்றுதான். ஜெல்லோ மாத்திரையோ வைத்தால் மருந்தின் பெயர், காரணம், வைத்த நேரம், அடுத்து எப்போது பார்ப்பார்கள் என்ற நாலையும் தமிழில் எழுதி அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஜெல் வைத்து ஆறு மணி நேரமாவது கழித்துத்தான் டிரிப்ஸ் போட வேண்டும் என்பதால், டியூட்டி மாறி வருகிற நர்ஸுக்கும் அந்தத் தாள் உதவும்.

ஒரு வாசகி,
தக்கலை