பிலடெல்ஃபியாவிலிருந்து அக்கா

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது, போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்கிறாள்.

"வீசினா ஒரே வீச்சுல நாப்பது கஜம் போகுதே, அப்புறம் எதுக்கு அந்தக் கும்பலுக்குள்ள போய் முட்டிக்கிட்டு விழுறாங்க?" என்று அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றிக் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். இது நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடுவது. இந்த ஊரில் ஃபுட்பால் தெரியாமல் காலம் தள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் அணி ஈகிள்ஸ் தோற்றால் திங்கட்கிழமை மேனேஜரிடம் லீவு கேட்கக் கூடாது. ஜெயித்தால் தெருவிளக்குக் கம்பத்தில் ஏறுவார்கள், 2018-ல் அதைத் தடுக்க நகராட்சியே கம்பத்தில் எண்ணெய் தடவியும் நம் ஊர் வழுக்குமரம் மாதிரி ஏறிவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பந்து வைத்திருக்கும் அணி நான்கு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஓடினால் நாலு கஜம் கிடைத்தாலே நல்லது. வீசினால் அதிகம் கிடைக்கும், ஆனால் பிடி தவறினால் ஒன்றுமில்லை, எதிராளி பிடித்துவிட்டால் பந்தே போச்சு. அதோடு, ஓடி எல்லைக்குள் விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், பிடிபடாத வீச்சு அதை நிறுத்திவிடும். அதனால் முன்னிலையில் இருப்பவன் ஓடுவான், பின்தங்கியவன் வீசுவான். அதிகம் ஓடிய அணிதான் ஜெயிக்கிறது என்று டிவியில் சொன்னால் அப்படியே நம்பாதே, பல நேரம் ஜெயித்துக்கொண்டிருப்பதால்தான் ஓடுகிறார்கள்.

ரெண்டையும் பாதிப் பாதி செய்ய வேண்டும் என்பது உன் அத்தான் கட்சி. எனக்கு அது சரியாகப் படவில்லை, எது வரும் என்று எதிரணிக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த முறை பந்தை விட்டுவிட்டு எதிரணியில் தடுப்பதற்காக நடுவில் நிற்கும் லைன்பேக்கரின் காலைப் பார். பந்தை வீசுகிறவன்தான் குவார்ட்டர்பேக், அவன் பந்தை ஓடுபவனின் வயிற்றருகே கொண்டுபோய்க் கொடுப்பதுபோல் காட்டுவான், லைன்பேக்கர் ரெண்டு எட்டு முன்னால் வைப்பான், அதற்குள் பந்து திரும்பிவிடும், அவன் விட்டுவந்த இடத்தில் வீச்சைப் பிடிக்கும் ரிசீவர் தனியாக நிற்பான்.

2024 சீசனில் எங்கள் ஈகிள்ஸின் ஓட்டக்காரர் சேக்வான் பார்க்லி 2,005 கஜம் ஓடினார். 2025 பிப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கேன்சஸ் சிட்டிக்காரர்கள் அவரை மறித்துவிட்டார்கள், 25 முறை ஓடியும் 57 கஜம்தான். ஆனால் அவருக்குக் காவல் போட்டவர்கள் எங்கள் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை விட்டுவிட்டார்கள். அவர் வீசிய 22-ல் 17 பிடிபட்டது, ஒன்று 46 கஜத்துக்குப் போய் டச்டவுன், அதாவது எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி. 40-22 என்று ஈகிள்ஸ் ஜெயித்தது. பார்க்லி ஓடிய கணக்கை மட்டும் பார்த்தால் அன்று அவர் சும்மா இருந்ததாகத் தோன்றும், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வீட்டில் இன்னும் தீராத சண்டை ஒன்று உண்டு. 2015 சூப்பர் பவுல், சியாட்டில் 24, நியூ இங்கிலாந்து 28, பந்து சியாட்டிலிடம், டச்டவுன் கோட்டுக்கு ஒரே கஜம், அரை நிமிஷம்கூட இல்லை. மார்ஷான் லிஞ்ச் மாதிரி முட்டி ஓடுகிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீசினார்கள், நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் பாய்ந்து பிடித்தார், ஆட்டம் முடிந்தது. கடிகாரத்தை நிறுத்தச் சொல்லும் டைம் அவுட் சியாட்டிலுக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம், தவறினாலும் கடிகாரம் நிற்குமே, அதனால் வீசியது தப்பில்லை என்கிறார் அத்தான். ஒரு கஜத்துக்கு லிஞ்சிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது என்பது என் கேள்வி. யூடியூபில் பார்த்துவிட்டு யார் பக்கம் என்று எழுது, அத்தானுக்குப் பயப்படாதே.

அன்புடன்,
அக்கா