எத்தனை பெட்டி வந்தது என்று சொன்னால் போதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, இன்றுதான் உட்கார்ந்து பதில் எழுத முடிந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது செய்தித்தாளைத் தானே எடுத்துப் படிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நான் விசாரித்ததாகக் கட்டாயம் சொல். இங்கே எல்லோரும் நலம். பையனுக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று, வீடு முழுக்க அவன் சத்தம்தான்.

புதுக் கேம் கன்சோல் கைக்கு வந்துவிட்டதா, எப்படி இருக்கிறது, என் பெண்ணுக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வரவில்லைடா. அதோடு விட்டுவிடலாம்தான், ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு இருக்கிற கோபம் ஒரு வரியில் அடங்காது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

முன்பதிவு எப்போது தொடங்கும் என்று முன்னாலேயே அறிவித்திருந்தார்கள். அந்த நேரத்துக்குப் பையனும் நானும் ஆளுக்கொரு திரையோடு தயாராக இருந்தோம். பக்கம் திறந்தது, கன்சோலைக் கார்ட்டில் போட்டேன், முகவரி கேட்டது, கார்டு நம்பர் கேட்டது, ஓடிபி வந்தது, அதையும் போட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பையன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றான். அப்புறம் 'மன்னிக்கவும், உங்கள் கார்ட்டில் உள்ள பொருள் இப்போது ஸ்டாக்கில் இல்லை' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். கார்ட்டில் போட்டுவிட்டால் அது நமக்கென்று எடுத்து வைத்தாயிற்று என்றுதான் யாரும் நினைப்போம். பல தளங்களில் அப்படிக் கிடையாது, பணம் போய்ச் சேருகிற வினாடி வரை அந்தப் பெட்டி யாருக்கும் சொந்தமில்லை, ஒரே பெட்டியை எத்தனையோ பேர் கார்ட்டில் வைத்துக்கொண்டு ஓடிபிக்குக் காத்திருக்கலாம். இதை அந்தப் பக்கத்தில் ஒரு ஓரத்தில்கூட எழுதி வைக்கவில்லை.

இதையாவது கூட்டம் அதிகம் என்று விட்டுவிடலாம். அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. வேறொரு கடையில் முன்பதிவு கிடைத்தது, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள், 'உங்கள் ஆர்டர் உறுதியானது, வெளியீட்டு நாளன்று பெற்றுக்கொள்ளலாம்' என்று மெயிலும் வந்தது. பையன் அதை அச்செடுத்து அவன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தான். வெளியீட்டுக்கு முந்தின நாள் இரவு, எதிர்பாராத தேவை காரணமாக ஆர்டர் ரத்து செய்யப்படுகிறது, பணம் சில வேலை நாட்களில் திரும்ப வரும் என்று இன்னொரு மெயில். எதிர்பாராத தேவை என்றால் என்ன அர்த்தம்? எத்தனை ஆர்டர் எடுத்தோம் என்பது அவர்களுடைய கணக்கிலேயே இருக்கிறதே! கையில் வராத சரக்குக்கு ஆயிரக்கணக்கான பேரிடம் பணம் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி ராத்திரியில் கையை விரிப்பதற்கு எதிர்பாராதது என்று பெயர் வைத்தால் எப்படி ஏற்றுக்கொள்வது?

மறுநாள் காலை நேரிலேயே போனேன். கடைக்கு வெளியே விடியற்காலையில் இருந்தே ஆட்கள் நின்றிருந்தார்கள், சிலர் மடக்கு நாற்காலியோடு. கவுண்டரில் இருந்தது இருபது வயசு மதிக்கத்தக்க ஒரு பையன். அவனிடம் ஒரு தாள், பெயர்கள் அச்சிட்டது, பாதிக்கு மேல் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொருவரும் போய்ப் பெயரைச் சொல்ல, அவன் விரலை வைத்துத் தேடி, அடித்திருக்கிறது சார் என்று சொல்லிச் சொல்லிக் குரலே கம்மிவிட்டது. ஒருவர் மேசையைத் தட்டிக் கத்தினார். எய்தவன் எங்கேயோ இருக்க இந்த அம்பை நோவதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த லோடு எப்போது வரும் என்று கேட்டேன், எங்களுக்கே முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும் சார் என்றான். அவன் பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை. அதே நேரத்தில் அங்கேயே, இரண்டு கேமும் ஒரு கூடுதல் கன்ட்ரோலரும் சேர்த்துக் கட்டிய பெட்டி மட்டும் இருப்பில் இருக்கிறது, வேண்டுமா என்று ஒரு சூப்பர்வைசர் வந்து கேட்டார் பார், அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. எங்களிடம் ரத்து செய்த கன்சோலைத்தான் கட்டுச் சேர்த்து விற்கிறார்களோ என்று வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டார்கள், பதில் இல்லை.

சரக்கு பத்தாமல் போனதற்காக நான் கோபப்படவில்லை. தட்டுப்பாடு பல சமயம் நிஜமானதுதான். இந்தக் கருவிகளுக்குள் இருக்கிற சிப் ஒன்று வெறும் சிலிக்கான் தகடாகத் தொழிற்சாலைக்குள் போய் முழுதாகி வெளியே வருவதற்கே மூன்று மாதத்துக்கு மேல் பிடிக்கும். தொழிற்சாலையில் அதற்கான இடத்தை அதற்கும் பல மாதம் முன்பே பிடித்து வைக்க வேண்டும். வெளியீட்டு நாளில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சரி, இன்னும் கொஞ்சம் செய் என்று சொன்னால் நடக்கிற காரியமில்லை. பெரிய சிப் தயாராக இருந்தும் மின்சாரத்தைச் சீராக்குகிற ஒரு மலிவான சின்னச் சிப் இல்லாமல் மொத்தப் பெட்டியும் நிற்கும். 2020இல் இருந்து 2022 வரை உலகமே இதைப் பார்த்தது, கார் கம்பெனிகள்கூட உற்பத்தியை நிறுத்தி வைத்தன. சோனியின் கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரில். தட்டுப்பாடு ஓரளவு தீர்ந்துவிட்டது என்று சோனி சொல்வதற்கு 2023 ஜனவரி ஆகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல்!

வேண்டுமென்றே குறைவாகச் செய்து பரபரப்பு கிளப்புகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய், வரிசையிலும் பலர் அதையே சொன்னார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கன்சோல் விற்பவர்களுக்குப் பெரிய லாபம் அதற்கப்புறம் விற்கிற கேமில்தான், விற்காமல் போன ஒவ்வொரு கன்சோலும் அவர்களுக்கு நஷ்டம்தான். ஆனால் 'சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தது' என்ற செய்தியால் கிடைக்கிற விளம்பரம் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் எத்தனை பெட்டி வைத்திருந்தோம் என்ற எண்ணிக்கையை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஐந்நூறு தீர்ந்ததா ஐம்பதாயிரம் தீர்ந்ததா என்று தெரிந்தால்தானே நான் விடிய விடிய நிற்கலாமா, வீட்டில் தூங்கலாமா என்று முடிவு செய்ய முடியும்?

தட்டுப்பாட்டையும் மனுஷத்தனமாகக் கையாள முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ஆன்லைனில் கேம் விற்கிற வால்வ் கம்பெனி, ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவிக்கு 2021 ஜூலையில் பதிவைத் திறந்தபோது, ஒரு சிறு முன்பணத்தை வாங்கிக்கொண்டு வரிசையில் இடம் கொடுத்தது. ஏற்கெனவே அவர்களிடம் ஏதாவது வாங்கிய கணக்கு இருந்தால்தான் முதல் இரண்டு நாளில் பதிய முடியும், ஆளுக்கு ஒன்றுதான். உன் முறை எந்தக் காலாண்டில் வரும் என்று பக்கத்திலேயே தெரியும். முறை வந்ததும் மெயில் வரும், 72 மணி நேரத்துக்குள் மீதிப் பணத்தைக் கட்டினால் போதும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகும். அவர்களும் தாமதித்தார்கள், 2021 டிசம்பர் என்று சொன்னது 2022 பிப்ரவரி ஆனது, ஆனால் யாருடைய இடமும் பறிபோகவில்லை. இரண்டு மாதம் தள்ளிப் போகிறது, உங்கள் இடம் பத்திரம் என்று ஒருவர் சொன்னால் நான் தாராளமாகக் காத்திருப்பேன், என் பையனும் காத்திருப்பான்.

இன்னொன்று ராஸ்பெரி பை, கையளவுப் பலகையில் அடங்குகிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். 2021இல் தொடங்கி இரண்டு வருடத்துக்கு அந்தச் சின்னப் பலகை சில்லறையில் கண்ணிலேயே படவில்லை. தொழிற்சாலைகளில் அதை நம்பி இயங்குகிறவர்களுக்கே முன்னுரிமை என்று அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள், பொழுதுபோக்காக வாங்குகிறவர்களுக்கு அது கசந்தது. 2022 டிசம்பரில் அதன் தலைவர் எபன் அப்டன், அடுத்த வருடம் எந்தக் காலாண்டில் நிலைமை எப்படி இருக்கும் என்று விவரமாக எழுதினார். அந்த முடிவு எனக்கும் பிடிக்கவில்லை, ஆனாலும் என்னை முட்டாளாக்கவில்லை என்ற மரியாதை இருந்தது.

ஜப்பான் கேம் கம்பெனியான நின்டெண்டோவையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஸ்விட்ச் 2 கன்சோல் வெளியீடு 2025 ஜூன் 5. ஜப்பானில் அவர்களுடைய ஆன்லைன் கடையில் குலுக்கல் வைத்தார்கள், அதில் சேரவே பழைய ஸ்விட்சில் 50 மணி நேரத்துக்கு மேல் விளையாடியிருக்க வேண்டும், ஆன்லைன் சந்தாவும் ஒரு வருடமாவது இருந்திருக்க வேண்டும். அப்படி வடிகட்டியும் ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் முதல் நாளில் கொடுக்க முடியாது, பலருக்குக் கிடைக்காது, மன்னியுங்கள் என்று அதன் தலைவர் ஃபுருகாவா ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார், எண்ணிக்கையோடு. இந்த முறையில் எனக்கு ஒரு குறை உண்டு, உன்னை மாதிரி பிள்ளைக்காக முதல்முறையாக வாங்குகிற அப்பாவுக்கு அந்தக் குலுக்கலுக்குள் நுழையவே வழியிருக்கவில்லை. ஆனாலும் ஆறு வாரம் முன்னால் சொன்னதும் முந்தின இரவில் சொல்வதும் ஒன்றாகுமா?

இதற்கு நேர்மாறாக, பிளேஸ்டேஷன் 5 முன்பதிவு நினைவிருக்கிறதா? போதுமான அவகாசம் கொடுத்துச் சொல்வோம் என்று முதலில் பேச்சு. 2020 செப்டம்பரில் நாளை முதல் முன்பதிவு என்று அறிவித்த அன்று இரவே சில கடைகள் திறந்துவிட்டன, தூங்கப் போனவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சில நாளில் சோனி மன்னிப்புக் கேட்டது.

அப்புறம் இந்த பாட் விவகாரம். பாட் என்பது தானாக இயங்குகிற ஒரு புரோகிராம், அது கடைப் பக்கத்தை வினாடிக்குப் பல தடவை பார்த்துக்கொண்டே இருக்கும், ஸ்டாக் என்ற சொல் மாறியதும் முகவரி, கார்டு எல்லாவற்றையும் தானே நிரப்பி வாங்கிவிடும், வீட்டு எண்ணில் ஒரு எழுத்தை மாற்றி ஒரே ஆள் பத்து ஆளாகத் தெரியும். என் பையன் ஓடிபியைத் தட்டச்சு செய்கிற வேகம் அதற்கு எப்படி ஈடாகும்? அமெரிக்காவில் 2016இல் பாட்களுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டம் நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு மட்டும்தான், பொருட்களுக்கு அதைக் கொண்டுவர மசோதா போட்டார்கள், அது சட்டமாகவில்லை. ஆனால் சட்டத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற ஓட்டப்பந்தயத்தை விட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்க விண்ணப்பம் வாங்கிக் குலுக்கிப் போட்டாலே பாட்டின் வேகத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும். ஜப்பானில் சில கடைகள் பிளேஸ்டேஷன் 5 பெட்டியின் மேலேயே வாங்குபவர் பெயரை எழுதிக் கொடுத்தன, திருப்பி விற்க முடியாதபடி. கடைக்காரருக்கு மனசிருந்தால் ஒரு பேனாவே போதும்.

உன் ஆபீஸ் நண்பர் ஒருவர் கூடுதல் விலைக்கு வாங்கித் தருகிறேன் என்றாராமே, தயவு செய்து வேண்டாம். பில் வேறொருவர் பேரில் இருக்கும், ரிப்பேர் என்று வந்தால் வாரன்டிக்கு நீதான் அலைய வேண்டும். அதைவிட முக்கியம், நாம் கொடுக்கிற அந்தக் கூடுதல் பணம்தான் அடுத்த வெளியீட்டில் இன்னும் நூறு பெட்டியை அள்ளுவதற்கு முதலாகப் போகிறது. பெண் ஏங்குகிறாள் என்று எழுதியிருக்கிறாய், எனக்கும் புரிகிறது, என் வீட்டிலும் அதே கதைதான். சில மாதம் போகட்டும். முதல் லாட்டில் இருக்கிற கோளாறுகள் சரியாகியிருக்கும், கேம்களும் கூடியிருக்கும், பிளேஸ்டேஷன் 5க்கே 2022இல் வந்த மாடல் எடை குறைந்து, மின்சாரமும் குறைவாக எடுத்தது. பையனிடம் இதைச் சொன்னேன். முகம் வாடித்தான் போனது, ஆனால் ஏன் என்று விளக்கிச் சொன்னதும் கேட்டுக்கொண்டான், அந்த மெயில் அச்சை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டான்.

அந்தக் கடைக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், கன்சோல் கேட்டு அல்ல. வெளியீட்டு நாளுக்கு எத்தனை பெட்டி உங்களுக்கு ஒதுக்கினார்கள், அது என்றைக்கு உங்களுக்குத் தெரியும், எத்தனை பேரிடம் பணம் வாங்கினீர்கள், கட்டுச் சேர்த்து விற்ற பெட்டிகள் எந்தக் கணக்கில் இருந்து வந்தன. இதுவரை வந்ததெல்லாம், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்கிற தானியங்கிப் பதில்தான். மறுபடி எழுதுவேன்.

இதில் உன் உதவி வேண்டும். நீ இத்தனை வருடம் விநியோகக் கிடங்கில் வேலை பார்த்தவன். கடைக்கு எத்தனை பெட்டி ஒதுக்கீடு என்பது நிஜமாகவே முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியுமா, அல்லது மேலே இருப்பவர்களுக்கு வாரக்கணக்கில் முன்பே தெரிந்து, கவுண்டர் பையனுக்கு மட்டும் மறைக்கிறார்களா? உனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுது, அடுத்த கடிதத்தில் அவர்களிடம் சரியான கேள்வியாகக் கேட்க வேண்டும். அம்மாவுக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்