மூன்று இரவு எங்களுக்குப் போதாதும்மா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம்தானே? மெல்பர்னில் குளிர் ஆரம்பித்துவிட்டதாக அம்மா சொன்னாள். சின்னவனுக்கு இருமல் நின்றதா? இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி விட்டு விட்டு வருகிறது. ஆனாலும் காலையில் ஈரச்சந்தைக்கு அவளேதான் போய் வருகிறாள்.

போன வாரம் நீ தொலைபேசியில் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "உங்க கல்யாண நாளுக்கு ரெண்டு பேரையும் கப்பல்ல அனுப்பப் போறேன்பா" என்றாய். அப்புறம் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏன்பா எல்லாமே மூணு நைட், நாலு நைட்டாவே இருக்கு? ரிட்டையர் ஆனவங்ககிட்டதானே நேரம் இருக்கு, அவங்களுக்குன்னு நீளமா ஒண்ணும் போட மாட்டாங்களா?" என்று கேட்டாய். வேலை பார்த்த காலமெல்லாம் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்த கம்பெனியில் இருந்தவன் நான். இந்தக் கேள்விக்குப் போனில் இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூர் மரினா பே முனையத்தில் ஒரு பெரிய கப்பல் வந்து நிற்கும் காலை எப்படி இருக்கும் தெரியுமா? விடிவதற்குள் எங்கள் லாரிகள் வரிசையில் நிற்கும். ஏழு மணி வாக்கில் பழைய பயணிகள் பெட்டியோடு இறங்க ஆரம்பிப்பார்கள். அதே நேரத்தில் கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறக்கும், ஃபோர்க்லிஃப்ட் ஓட ஆரம்பிக்கும். முட்டை, பால், கோழி, அரிசி, பழம் என்று பேலட் பேலட்டாக உள்ளே போகும். கப்பலின் உணவுச் சாமானுக்குப் பொறுப்பான புரொவிஷன் மாஸ்டர் கதவருகே நின்றுகொண்டு, உறைந்த மீன் பெட்டி ஒன்றைப் பிரித்து வெப்பமானியைச் செருகிப் பார்ப்பார். சூடு கணக்குக்கு மேல் ஏறியிருந்தால் அந்தப் பேலட் அப்படியே லாரிக்குத் திரும்பிவிடும். மதியத்துக்குள் புதுப் பயணிகள் ஏறத் தொடங்கிவிடுவார்கள். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை இத்தனை பாடு. ஒரே கூட்டத்தை ஒரு மாதம் ஏற்றிக்கொண்டு போனால் இந்த அலைச்சல் மிச்சம்தானே என்று உனக்குத் தோன்றும். கம்பெனியின் கணக்கு நேர்மாறானது.

புதிதாக ஏறுகிறவர் கையில் முதல் இரண்டு நாள் பணம் நிற்காது. குடிவகைகளுக்கு ஒரு தொகுப்பு, இணையத்துக்கு ஒன்று, தனி உணவகத்தில் ஒரு ராத்திரி, ஸ்பா, புகைப்படம், கேசினோ, கரையில் இறங்கினால் சுற்றுலாப் பேருந்து. அதே ஆளை ஒரு மாதம் வைத்திருந்தால் நாலாவது வாரத்தில் மேல்தளத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார், கட்டணமில்லாத தேநீரைக் குடித்துக்கொண்டு. மூன்று நாளுக்கு ஒருமுறை புதுக் கூட்டம் ஏறினால் அந்த முதல் இரண்டு நாள் திரும்பத் திரும்ப வரும். இது சில்லறைக் காசு என்று நினைத்துவிடாதே. பல கப்பல் கம்பெனிகளை வைத்திருக்கும் கார்னிவல் குழுமத்தின் 2023ஆம் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 21.6 பில்லியன் அமெரிக்க டாலர். அதில் சுமார் 7.5 பில்லியன் டிக்கெட்டில் வந்ததல்ல. கப்பலில் செலவழித்ததும் அது சார்ந்ததும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரையில் கேசினோவுக்குள் நுழைய சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டும். கடலுக்குப் போய்விட்டால் அந்தக் கட்டணம் கிடையாது. அதற்கென்றே வார இறுதியில் கப்பல் ஏறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிக்கெட் விலையிலும் நீண்ட பயணத்துக்குச் சாதகம் குறைவு. ஒரு இரவுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், நாள் கூடக் கூடப் பெரும்பாலும் கட்டணம் இறங்கித்தான் வரும். ஓய்வுபெற்றவர் மொத்தத் தொகையைப் பார்ப்பார், நாலு இடத்தில் விசாரிப்பார், சேமநிதிப் பணத்தை எண்ணித்தான் எடுப்பார். வேலையில் இருக்கிற பிள்ளை மூன்று நாளைக்கு அவ்வளவு யோசிப்பதில்லை.

விடுப்புக் கணக்கையும் பார். இங்கே சட்டப்படி ஒரு தொழிலாளிக்கு முதல் வருடம் 7 நாள் ஆண்டு விடுப்பு. அதிலேயே எட்டு வருடம் இருந்தால் 14. உங்கள் ஊரில் நாலு வாரம். அந்த 7 நாளில் தீபாவளிக்கு, பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு என்று போக மிஞ்சுவதை வைத்துத்தான் இந்த மூன்று நாள் பயணமே தைக்கப்பட்டிருக்கிறது. பனிக்காலமும் நமக்குக் கிடையாது. இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் ஜனவரி வந்தால் வயதானவர்கள் வெயில் தேடிக் கிளம்புவார்கள். அந்த நேரத்தில் வட ஐரோப்பாவிலும் அலாஸ்காவிலும் கப்பலுக்கு வேலை இருக்காது. அதனால் உலகச் சுற்றுக்கு விட்டுவிடலாம். 1922இல் லக்கோனியா என்ற கியூனார்டு கம்பெனிக் கப்பல் நியூயார்க்கிலிருந்து உலகச் சுற்றுக்குப் புறப்பட்டதும் குளிர் தொடங்கும் நவம்பரில்தான். சிங்கப்பூரில் வருடம் முழுக்கப் பினாங்கு, புக்கெட் என்று ஓட்டலாம். கப்பலை வேறெங்கும் அனுப்ப வேண்டிய கட்டாயமே இல்லை.

அப்புறம் கப்பல். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. இப்போது வருகிறவை கட்டும்போதே குறுகிய பயணத்துக்கென்று கட்டப்பட்டவை. மயாமியிலிருந்து 2024 ஜனவரியில் கிளம்பிய ராயல் கரீபியன் கம்பெனியின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 20 தளம், நிரம்பினால் 7,600 பயணிகள். தண்ணீர்ச் சறுக்கே ஆறு. ஏழு இரவில் திரும்பிவிடும். நடுவில் அந்தக் கம்பெனியே பஹாமாஸில் நடத்தும் கோகோகே தீவில் ஒரு நாள். தீவில் செலவழித்தாலும் பணம் அங்கேயே வந்து சேரும், எண்ணெய்ச் செலவும் குறைவு. அத்தனை பெரிய கப்பல் சின்னத் துறைமுகத்துக்குள் நுழையவும் முடியாது. நம் ஊருக்கென்று வந்திருக்கும் 'டிஸ்னி அட்வென்சர்' சுமார் 6,700 பேருக்கானது. மூன்று, நான்கு இரவு கடலில் சுற்றிவிட்டு, வேறு எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் திரும்பிவிடும் என்றுதான் அறிவித்தார்கள். பிள்ளைகளோடு நீ வந்தால் அதில் ஏறு, பேரன் துள்ளுவான். அம்மாவும் நானும் மட்டும் அதில் போய் என்ன செய்வோம்?

கம்பெனிகள் வயதானவர்களை மறந்துவிட்டன என்றும் சொல்லிவிட முடியாது. பிரித்து வைத்திருக்கிறார்கள். கார்னிவல் பெயரில் ஓடும் கப்பல்கள் பெரும்பாலும் குடும்பங்களுக்கான குறும்பயணம். அதே குழுமத்தின் கையில்தான் ஹாலந்து அமெரிக்காவும் பிரின்சஸும் கியூனார்டும் இருக்கின்றன. நீளமாகப் போக விரும்புகிறவர்களை அங்கே அனுப்பிவிடுவார்கள். ராயல் கரீபியன் 2023 டிசம்பரில் 274 இரவு உலகச் சுற்று ஒன்று நடத்தியபோதுகூட, 2003இல் கட்டிய 'செரினேட் ஆஃப் தி சீஸ்' கப்பலைத்தான் அனுப்பியது. நீ பார்த்த பட்டியலில் நீளமானது இல்லாததற்குப் பாதிக் காரணம், நீ பார்த்தது நீளமாகப் போகிற கம்பெனியின் பட்டியலே இல்லை என்பதுதான்.

மீதிப் பாதி 2020இல் நடந்தது. தொற்று வந்து எல்லாக் கப்பலும் நின்றபோது முதலில் விற்றது சின்ன, பழைய கப்பல்களை. ஹாலந்து அமெரிக்கா ஒரே நேரத்தில் நான்கு கப்பல்களைக் கைகழுவியது. வருடா வருடம் உலகச் சுற்றுப் போய்வந்த 'ஆம்ஸ்டர்டாம்' அதில் ஒன்று. 700 பேருக்கும் குறைவாக ஏற்றும் 'பசிபிக் பிரின்சஸ்' அடுத்த வருடம் கைமாறியது. நூலகம் ஒன்று, சுற்றி நடக்க மரத்தளம், மாலையில் பியானோ, எந்தத் துறைமுகத்துக்குள்ளும் நுழையும் அளவு. நீண்ட பயணத்துக்கு அப்படிப்பட்ட கப்பல்தான் வேண்டும். அந்த அளவில் புதிதாகக் கட்டுகிறவர்கள் இப்போது பெரும்பாலும் பணக்காரர்களுக்கே கட்டுகிறார்கள். ஓய்வூதியத்தில், சேமிப்பில் வாழ்கிறவர்களுக்கு நடுத்தர விலையில் இருந்த அந்த இடம் சுருங்கிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வேலை முடித்து, உடம்பில் கொஞ்சம் தெம்பும் கையில் நிறைய நாளும் வைத்திருக்கிற மனிதர்கள் எத்தனை பேர்! கடல் அவர்களுக்குத்தான் பொருத்தம்.

அபாயமும் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மூன்று நாள் பயணம் ரத்தானால் ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. நூறு நாள் பயணம் பாதியில் நின்றால்? 2020 ஜனவரியில் கிளம்பிய 'எம்எஸ்சி மாக்னிஃபிகா'வின் பயணிகள் மார்ச்சுக்குப் பிறகு எங்கும் இறங்க முடியாமல் வாரக்கணக்கில் கப்பலிலேயே இருந்து, ஏப்ரல் 20ஆம் தேதி பிரான்சின் மார்செய் வந்து சேர்ந்தார்கள். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும், சூயஸ் வழி போக வேண்டிய உலகச் சுற்றுக் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. மூன்று வருடம் கடலிலேயே வாழலாம் என்று விளம்பரம் செய்த ஒரு திட்டம், கப்பலே கைக்கு வராமல் 2023 நவம்பரில் கலைந்தது. நம்பி வீட்டைக் காலி செய்தவர்களும் அதில் இருந்தார்கள்.

வயதானவர் நிறைய இருந்தால் மருத்துவரும் தாதியரும் கூடுதலாக வேண்டும். நடுக்கடலில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால் கப்பலின் வழியையே மாற்ற வேண்டியிருக்கும். இதெல்லாம் கம்பெனிக்குச் செலவு. ஆனால் உன் அத்தைக்கு நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மாமா போனபிறகு அவர் தனியாக ஒரு பயணம் போக ஆசைப்பட்டார். அறைக்கு இருவர் கட்டணம் கேட்டார்கள். ஒரு தட்டு சாப்பாடு, ஒரு கட்டில், காசு மட்டும் இரண்டு பேருக்கு. கணவரை இழந்தவர்கள் இந்த வயதில் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. தனியறைகள் வைத்திருக்கும் கப்பல்களும் இருக்கின்றன, அத்தைக்காகவும் ஒரு கண் வைத்திரு.

சரி, நமக்கு என்ன வழி என்று சொல்கிறேன். உலகச் சுற்றுக் கப்பல்கள் ஜனவரியில் கிளம்பினால் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இந்தப் பக்கம் வரும். முழுச் சுற்றையும் வாங்கத் தேவையில்லை. ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்று வரை துண்டாக விற்பார்கள். கியூனார்டு, ஹாலந்து அமெரிக்கா இரண்டிலும் அப்படிக் கிடைக்கும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பருவம் மாறும்போது கப்பல்களை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் கொண்டுபோவார்கள். இரண்டு வாரம், பெரும்பாலும் கடல் நாள், விலையும் மலிவு. ஜப்பானின் 'பீஸ் போட்' இன்னொரு வழி. பிரின்சஸ் விட்ட பழைய 'சன் பிரின்சஸ்' கப்பலைத்தான் 'பசிபிக் வேர்ல்டு' என்ற பெயரில் அவர்கள் ஓட்டுகிறார்கள். நூறு நாள் பயணம். மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் கலந்து போவார்கள். உங்கள் ஊர் ஆட்களும் பிரின்சஸில் சிட்னியிலிருந்து நீளமாகப் போகிறார்கள், விசாரித்துப் பார்.

என் மனதில் இருப்பது சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, கொழும்பு, கொச்சி, மும்பை என்று போகும் ஒரு துண்டு. உன் தாத்தா 'ரஜூலா'வில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர், மேல்தளத்தில் பாய் விரித்து. 1926இல் கட்டிக் கடலில் இறக்கிய கப்பல் அது. அப்புறம் வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தே நின்றுபோனது. அந்தக் கடலை நான் விமானத்திலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு ஆசை வேறு. "அடுத்த வேளைக்கு என்ன சமைக்கலாம்னு யாரும் கேட்காம ரெண்டு வாரம் இருந்தா போதும்" என்கிறாள். மூன்று இரவில் அது வராது. முதல் நாள் பெட்டியைப் பிரிப்பாள், இரண்டாம் நாள் வீட்டை நினைப்பாள், மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டுவாள்.

ஆகவே, நீ பார்த்து வைத்திருக்கும் பெரிய அறை, மூன்று இரவுப் பயணத்தை விட்டுவிடு. அதே பணத்தில், இல்லாவிட்டால் நானும் கொஞ்சம் போட்டு, சின்ன அறையில் நீளமாகப் போகிறோம். பால்கனி வேண்டாம், ஒரு சன்னல் இருந்தால் போதும். நடுக்கப்பலில், கீழ்த்தளமாகப் பார். அங்கேதான் ஆட்டம் குறைவு. சட்டையும் கோட்டும் கட்டாயமாக இருக்கும் ராத்திரிகள் எத்தனை என்றும் கேட்டு வை. கொச்சியில் இறங்க இந்திய விசா வேண்டும், அதை நான் எடுத்துவிடுவேன். நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் காப்பீடாக இருக்க வேண்டும். எழுபதைத் தாண்டினால் சில கம்பெனிகள் மறுக்கும், அதையும் நானே இங்கே பேசிப் பார்க்கிறேன். முன்பணம் கட்டும் முன் ஒரு வார்த்தை சொல். அடுத்த வருடத்துப் பயணங்களின் பதிவு இப்போதே திறந்திருக்கும், நல்ல அறைகள் முதலில் போய்விடும்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா