வாசலிலிருந்து முதல் ஐந்நூறு மீட்டர்: நகர நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாநகர மேயர்களுக்கும் ஆணையர்களுக்கும், சாலை, பேருந்துப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

மூத்த குடிமக்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பூங்காவோ பகல்நேர மையமோ திறக்கப்படுகிறது. ரிப்பன் வெட்ட அவை தோதானவை. ஆனால் எழுபத்தைந்து வயதுக்காரர் அங்கே போய்ச் சேர வழியில்லை என்றால் அந்த மையம் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட முதியோருக்கு உகந்த நகரங்களுக்கான வழிகாட்டி எட்டுத் துறைகளைப் பேசுகிறது. மருத்துவம், வீடு, வேலை என எதைத் தொட்டாலும் நடுவில் ஒரு சாலையைக் கடந்தாக வேண்டும். அதனால் வீட்டு வாசலிலிருந்து முதல் ஐந்நூறு மீட்டரை முதலில் பாருங்கள் என்கிறோம்.

சிக்னலிலிருந்து தொடங்கலாம். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்ற பழைய கணக்கில்தான் பல இடங்களில் நேரம் வைக்கப்பட்டிருக்கிறது. கைத்தடி பிடித்து நடப்பவருக்கு 0.8 வந்தாலே பெரிது. 14 மீட்டர் அகலச் சாலைக்கு உங்கள் கணக்கு 12 நொடி தரும். அவருக்குத் தேவை பதினேழரை. பச்சை மாறும்போது இன்னும் நாலரை மீட்டர் பாக்கி, அதாவது ஒரு தடத்துக்கும் மேல். இருபக்கமும் பார்த்து, விளிம்பிலிருந்து காலை இறக்கவே அவருக்கு இரண்டு மூன்று நொடி போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் நேரத்தைக் கூட்டினால் நெரிசல் என்பீர்கள். சிங்கப்பூரில் 2009 முதல் முதியோர் தங்கள் அட்டையைக் கம்பத்தில் தொட்டால் சாலையின் அகலத்தைப் பொறுத்துக் கூடுதல் நொடிகள் கிடைக்கின்றன. கேட்பவருக்கு மட்டும் நேரம் நீள்கிறது. அதற்கு வழியில்லாத இடத்தில், பாதி கடந்ததும் நின்றுகொள்ள, சாலை நடுவில் 2 மீட்டர் அகலத் திட்டு ஒன்று போதும். ஒன்றரை மீட்டரில் கட்டினால் சக்கர நாற்காலியைத் தள்ளுபவரின் முதுகு வண்டிப் பாதையில் இருக்கும்.

நடைபாதைச் சரிவு விஷயத்தில் நடப்பது நேரடியான ஏமாற்று. 15 செ.மீ. உயர விளிம்புக்கு 1:12 சரிவு என்றால் 1.8 மீட்டர் நீளம் வேண்டும். ஒப்பந்ததாரர் அறுபது செ.மீ.யில் சிமெண்டைப் பூசி முடித்துவிடுவார், அது 1:4. அதில் நாற்காலி பின்னால் சாயும், ஈரத்தில் கைத்தடி வழுக்கும். பில்லில் கையெழுத்துப் போடுமுன் நாடா வைத்து அளந்தாலே போதும். இருசக்கர வண்டியைத் தடுக்கத் தூண் நடுகிறீர்கள். நாற்காலி நுழைய 90 செ.மீ. இடைவெளி வேண்டும், அதில் வண்டியும் நுழையும். இதைத் தூண் தீர்க்காது, அபராதம்தான் தீர்க்கும்.

உட்காரும் இடத்தைப் பற்றி யாரும் யோசிப்பதேயில்லை. ஒரு முதியவர் இருக்கையிலிருந்து எழுவதைக் கவனியுங்கள்: குதிகாலை முழங்காலுக்கு அடியில் இழுப்பார், முன்னால் சாய்வார், இரு கையாலும் கைப்பிடியை அழுத்துவார். அடிப்பக்கம் மூடிய கான்கிரீட் திண்ணையில் குதிகால் உள்ளே போகாது. கைப்பிடி இல்லையென்றால் அழுத்த ஒன்றுமில்லை. ஆகவே 45 செ.மீ. உயரம், முதுகுச் சாய்மானம், முன்விளிம்பு வரை வரும் கைப்பிடி, அடியில் வெற்றிடம். நூறு மீட்டருக்கு ஒன்று, அதுவும் நிழலில். உலோக இருக்கை வெயிலில் கொதிக்கும், வேண்டாம்.

படியேறாமல் நுழையக்கூடிய தாழ்தளப் பேருந்துக்குப் பெரும்பணம் செலவாகிறது. ஆனால் அது விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால், பயணி சாலையில் இறங்கி அங்கிருந்துதான் ஏறவேண்டும். தாழ்தளத்தின் பாதிப் பயன் போச்சு. ஓட்டுநரை மட்டும் திட்டிப் பயனில்லை. நடைபாதைப் பக்கமாக உள்வாங்கிக் கட்டிய நிறுத்தத்தில் வேறு வண்டிகள் நின்றால் பன்னிரண்டு மீட்டர் பேருந்தை ஒட்டி நிறுத்த முடியாது. உள்வாங்குவதற்குப் பதில் நடைபாதையைப் பேருந்துத் தடம்வரை வெளியே நீட்டுங்கள். ஏறியவர் உட்கார்ந்த பிறகே வண்டி நகரவேண்டும் என்று விதி வைத்தால், அதற்கான நிமிடங்களை அட்டவணையிலும் சேர்க்கவேண்டும்.

கழிப்பறை கூச்சத்தால் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர், வழியில் கழிப்பறை இல்லையென்று தெரிந்தால் தண்ணீரைக் குறைப்பார், சிலர் மாத்திரையையே தள்ளிப்போடுவார்கள். பலர் வெளியே வருவதையே விட்டுவிடுகிறார்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே விழுந்தவரின் உடம்பே உள்பக்கம் திறக்கும் கதவை அடைத்துவிடும். தாழ்ப்பாளை வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும்படி வையுங்கள். சுவரில் கைப்பிடி, பூட்டிக் கிடக்காத நேரம், இவை போதும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த நிதியாண்டு வேலைப்பட்டியல் முடிவாகுமுன், வார்டுக்கு ஒரு மருத்துவமனை, அதற்கு அருகிலுள்ள ஒரு பேருந்து நிறுத்தம் என்று எடுத்துக்கொண்டு, அந்த வழியை ஒரு பொறியாளர் அளவு நாடாவோடும் நிறுத்துக் கடிகாரத்தோடும் நடந்து பார்க்கட்டும். சிக்னல் நொடி, சரிவின் நீளம், இருக்கை இடைவெளி, கழிப்பறை திறந்திருந்ததா என்ற நான்கையும் வார்டுவாரியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் நலத்திலும் நகரமைப்பிலும் வேலை பார்க்கும் சிலர்