மேடையில ஓடினதை வீட்டுக்கும் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மேடை நாடகத்தை கேமராவுல எடுத்தா உயிர் போயிடும்னு சொல்றவங்க எல்லாரும் ஒரு தடவை 'ஹாமில்டன்'கிற பிராட்வே (நியூயார்க்கோட பெரிய நாடக அரங்குகள்) பாட்டு நாடகத்தோட படத்தை பாக்கணும்ங்க. நியூயார்க் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் தியேட்டர்ல 2016 ஜூன்ல எடுத்தது, முதல்ல நடிச்ச குழு கலையறதுக்கு கொஞ்சம் முன்னாடி, அந்த நேரத்தை விட்டிருந்தா அதே ஆளுங்களோட கிடைச்சே இருக்காது. ஜனங்க உக்காந்திருந்த ரெண்டு ஷோவை எடுத்தாங்க, அதுபோக சில பாட்டுக்கு மட்டும் ஆள் இல்லாத அரங்குல கேமராவை மேடை மேலயே ஏத்தி கிட்ட போய் எடுத்தாங்க. நாடகத்துல இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜா வர்றவர் பாடும்போது வாயிலேர்ந்து எச்சில் வழியிறது வரைக்கும் தெரியுது, முதல் வரிசைக்காரங்களுக்கு கூட அவ்வளவு கிட்ட தெரிஞ்சிருக்காது. ஆனா சுழலும் மேடையில மொத்த கூட்டமும் ஆடும்போது குளோசப்புக்கு போறது எனக்கு பிடிக்கல, அங்க முழு மேடையையும் காட்டணும்.

2020 ஜூலையில, பிராட்வே மூடிக்கிடந்தப்ப, டிஸ்னி பிளஸ் ஓடிடியில வந்துச்சு.

என் ஆதங்கம் என்னன்னா, நியூயார்க் பொது நூலகத்துல 1970லேர்ந்தே மேடை நாடகங்களை வீடியோ எடுத்து சேத்து வெச்சிருக்காங்க, ஆனா நேர்ல போய் அனுமதி வாங்கித்தான் பாக்கணும். அதையெல்லாம் வெளியில விடணும்னா நடிகர் சங்கம், வாத்தியக்காரங்க, எழுதினவங்கன்னு எல்லார்கிட்டயும் உரிமை பேசணும், அவங்களுக்கு பணம் போகணும், அது நியாயம்தான். ஆனா பேசி முடிங்கய்யா, ஹாமில்டனுக்கு முடிஞ்சுதே. பிராட்வே டிக்கெட் வாங்க வழியில்லாதவங்க உலகம் பூரா இருக்கோம், பாட்டை மட்டும் கேட்டுட்டு, மேடையில என்ன நடக்குதுன்னு தெரியாமலே.